எட்டும் கை, தொடும் கை

விண்வெளியில் மனிதரும் இயந்திரமும் சேர்ந்து செய்த வேலைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒரு கிழிசலை மூட்டிய வேலை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சூரியத் தகட்டுச் சிறகு ஒன்று கிழிந்திருந்தது. 2007 நவம்பர் 3ஆம் தேதி ஸ்காட் பாரசின்ஸ்கி என்ற வீரர் அதைச் சரிசெய்யப் புறப்பட்டார். இயந்திரக் கை ஒன்று பிடித்திருந்த நீண்ட கோலின் நுனியில் கால்களைப் பூட்டிக்கொண்டு போனார். 7 மணி 19 நிமிடம் நீடித்த விண்நடை அது. கிழிசல் கட்டுக்குள் வந்தது, சிறகு விரிந்தது. செய்தியாகச் சொன்னால் இவ்வளவே.

அந்த வேலையை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தால் எங்கு தொட்டாலும் ஒரே குணம் தட்டுப்படுகிறது. அது அடக்கம். பல டன் எடையை நகர்த்தக்கூடிய கை, ஒரு மனிதரைச் சுமக்கும்போது ஊர்ந்து போகிறது. பயிற்சி பெற்ற விரல்கள் தேவைக்கு மேல் ஒரு முறைகூடத் தொடாமல் தயங்குகின்றன. உள்ளே இருந்து இயக்குபவர்கள் அளந்து பேசுகிறார்கள், அளந்து நிறுத்துகிறார்கள். அந்த அடக்கத்தின் அழகைப் பாராட்டவே இந்தக் கட்டுரை.

முதலில் கையைப் பார்ப்போம். அதன் பெயர் கனடார்ம்2. கனடா செய்து கொடுத்தது. 2001 ஏப்ரலில் எண்டெவர் விண்ணோடத்தில் மேலே போனது. நீளம் 17.6 மீட்டர். தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் மூன்று என ஏழு மூட்டுகள். நம் கைக்குத் தோள் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். இந்தக் கைக்கு இரு முனைகளும் ஒன்றே. நிலையத்தின் வெளிப்புறத்தில் ஆங்காங்கே பிடிமுளைகள் உண்டு. ஒரு முனை அவற்றில் ஒன்றைப் பற்றி நிற்கும்போது அதுவே தோள். மறுமுனை வேறொரு முளையை எட்டிப் பற்றியபின் முதல் முனை விடுவித்துக்கொள்ளும். அப்போது தோள் கையாகிறது, கை தோளாகிறது. மின்சாரமும் கட்டளைகளும் பற்றியிருக்கும் முளை வழியாகவே வந்து சேரும். இப்படி அடி மேல் அடியாக நிலையத்தின் மேல் நடந்து போகலாம். தூரம் கூடுதல் என்றால், நிலையத்தின் நெடுஞ்சட்டத்தின் மேல் ஓடும் தண்டவாள வண்டியில் ஏறிக்கொள்ளலாம். எந்த முனை தோள் என்பதை அன்றைய வேலை தீர்மானிக்கும்படி விட்டிருக்கும் அந்த வடிவமைப்பை எத்தனை முறை நினைத்தாலும் சலிப்பதில்லை.

அதைவிட அழகு, அந்தக் கை பிடிக்கும் விதம். அதற்கு விரல்கள் கிடையாது. முனையில் இருப்பது உள்ளீடற்ற உருளை. அதற்குள் மூன்று கம்பிச் சுருக்குகள். பிடிக்க வேண்டிய பொருளில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். உருளையின் வாய் அந்த முளையைத் தொடாமல் உள்வாங்கும். பிறகு உள்வளையம் சுழல, மூன்று கம்பிகளும் முளையைச் சூழ்ந்து நடுவுக்கு ஒதுக்கும். பிறகுதான் இறுக்கம். அதன்பின் உள்ளே இழுத்துப் பூட்டுதல். விண்ணோடத்தில் முதல் கனடார்ம் 1981இல் பறந்த காலத்திலிருந்து இதே முறைதான்.

இவ்வளவு பக்குவம் எதற்கு? எடையற்ற வெளியில் ஒரு பொருளை முட்டினால் அது விலகிப் போய்விடும். அவசரமாகப் பிடிக்கப் போகிற கை, பிடிக்க வந்ததையே தள்ளிவிடும். அதனால் முதலில் சூழ வேண்டும், பிறகு இறுக்க வேண்டும், கடைசியாகத்தான் இழுக்க வேண்டும். முளை வாயின் நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி நின்றாலும் கம்பிகள் அதை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். இயக்குபவரின் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும் கருணை அந்த வடிவத்திலேயே இருக்கிறது.

இனி கிழிசலின் கதை. நிலையத்தின் சூரியச் சிறகு ஒவ்வொன்றும் 30 மீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஒரு கம்பம், அதன் இருபுறமும் மெல்லிய தகட்டுப் போர்வைகள். கீல்களால் கோத்த பலகங்களாக அவை மடிந்து பெட்டிக்குள் அடங்கும். மடிப்பும் விரிப்பும் கோணலாகாமல் இருக்க, கண்வளையங்கள் வழியே வழிக்கம்பிகள் ஓடும். நாம் பேசும் சிறகுக்கு 4பி என்று பெயர். 2000 டிசம்பரில் முதன்முதலாக விரிந்தது. 2006 டிசம்பரில் அதை மடித்தபோதே கம்பிகள் வளையங்களில் சிக்கித் தொல்லை கொடுத்தன. வீரர்கள் வெளியே போய்த் தட்டிக் கொடுத்துத்தான் அது மடிந்தது. 2007 அக்டோபரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் வந்த குழு, அந்தச் சிறகுகளைத் தாங்கிய சட்டத்தையே பெயர்த்து நிலையத்தின் இடது கோடியில் பொருத்தியது. அக்டோபர் 30 அன்று சிறகுகளை விரித்தார்கள். முதல் சிறகு ஒழுங்காக விரிந்தது. 4பி ஐந்தில் நான்கு பங்கு விரிந்த நிலையில் நின்றது. ஒரு வழிக்கம்பி சிக்கிப் பிசிறாகி, கீலோரத்தில் இரண்டு கிழிசல்களை உண்டாக்கியிருந்தது. ஒன்று ஓரடி நீளம், மற்றது இரண்டரை அடி.

முழுதாக விரியாத சிறகுக்கு உறுதி இல்லை. அதை அப்படியே விட முடியாது. அதே பயணத்தில் டான் டானி விண்நடை சென்றபோது, நிலையத்தின் வலது பக்கத்துச் சுழல்மூட்டில் உலோகத் துகள்கள் படிந்திருந்ததைக் கண்டிருந்தார். எனவே மின்சாரக் கவலை இரு பக்கமும் இருந்தது. சரிசெய்ய முடியாவிட்டால் சிறகையே கழற்றி விட்டுவிட வேண்டியிருக்கலாம். விண்ணோடத்துக்குப் பாம் மெல்ராய் தலைவி, நிலையத்துக்குப் பெக்கி விட்சன் தலைவி. இரு கலங்களையும் ஒரே நேரத்தில் பெண்கள் வழிநடத்தியது அதுவே முதல் முறை. அந்த இருவரின் பொறுப்பில்தான் அடுத்த நான்கு நாள்களும் கழிந்தன.

பழுது நின்ற இடமோ யாருக்கும் எட்டாத கோடி. கனடார்ம்2 வண்டியில் ஏறிச் சட்டத்தின் எல்லைவரை வந்து முழுதாக நீண்டாலும் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்த பொருளின் வரலாறு மனத்தை உலுக்குவது. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. புறப்பாட்டின்போது நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியதே காரணம். கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தார்கள். அதன்பின் வெப்பக்காப்பு ஓடுகளை மேலே போனதும் சோதித்துப் பார்க்க, 15 மீட்டர் நீளமுள்ள ஒரு கோலைச் செய்தார்கள். நுனியில் லேசரும் கேமராவும். அந்தக் கோலின் வேலை பார்ப்பது மட்டுமே. அதன் மேல் ஆள் நிற்க முடியுமா என்ற கேள்வியை அப்போதே யாரோ கேட்டுவைத்தார்கள். ஓடு உடைந்தால் அங்கே போய்ச் சரிசெய்ய ஒரு மேடை வேண்டுமே! 2006 ஜூலையில் பியர்ஸ் செல்லர்ஸும் மைக்கேல் ஃபாசமும் விண்ணோடத்தின் கை பிடித்திருந்த அந்தக் கோலின் நுனியில் நின்று சாய்ந்தும் நிமிர்ந்தும் வேலை செய்வதுபோல் அசைந்தும் பார்த்தார்கள். கோல் எவ்வளவு ஆடுகிறது, ஆட்டம் எப்படி அடங்குகிறது என்று அளந்தார்கள்.

ஓடு பழுதுபார்க்க அந்த மேடை தேவைப்படவில்லை. பதினாறு மாதம் கழித்து ஒரு சூரியச் சிறகுக்குத் தேவைப்பட்டது. எழுவரை இழந்த துயரத்திலிருந்து பிறந்த கோலை, தேவை வரும்முன்பே பொறுமையாக ஆட்டிப் பார்த்து, அதன் குணத்தைக் குறித்துவைத்த அந்த இருவரையும் இங்கே வணங்காமல் மேலே போக மனம் வரவில்லை. கனடார்ம்2 அந்தக் கோலைப் பற்றியபோது இரண்டும் சேர்ந்து 90 அடி எட்டின. நுனியில் பாரசின்ஸ்கியின் கால்களுக்கு ஒரு பிடிமேடை. அவர் ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். அந்த உயரமும் கணக்கில் சேர்ந்தது. அத்தனையும் சேர்ந்தும் கிழிசலை அவர் எட்டியது மட்டுமட்டாகத்தான்.

மூட்டும் பொருள்களைக் கடையில் வாங்கவா முடியும்? தரையில் இருந்த பொறியாளர்கள் வடிவம் சொல்ல, மேலே இருந்தவர்கள் கையிருப்பில் இருந்த கம்பி, அலுமினியப் பட்டை, டேப் ஆகியவற்றை வைத்து ஐந்து இணைப்பிகளைச் செய்தார்கள். கஃப் லிங்க் என்றே அவற்றுக்குப் பெயரிட்டார்கள். நீண்ட கம்பி, அதன் இரு முனையிலும் குறுக்காக ஒரு பட்டை. கிழிசலுக்கு ஒரு பக்கத்தில் உள்ள துளையில் ஒரு முனையையும், மறுபக்கத்துத் துளையில் மறுமுனையையும் நுழைத்துத் திருப்பினால் பட்டைகள் தாங்கி நிற்கும். சிறகை விரிக்கும்போது வரும் இழுவை கிழிந்த கீலில் ஏறாமல் கம்பி வழியே போகும். கிழிந்த இடத்தை ஒட்டவோ மூடவோ யாரும் முயலவில்லை. புண்ணைத் தொடாமல் அதன் சுமையை மட்டும் வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பாரசின்ஸ்கி மருத்துவம் படித்தவர் என்பதால் இதைப் பலரும் அறுவைச் சிகிச்சை என்றார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, புண்ணை அதன்போக்கில் விட்ட தெளிவு.

காற்றறையிலிருந்து கிழிசல்வரை பயணம் சுமார் முக்கால் மணி நேரம். ஏதேனும் கோளாறு வந்தால் அரை மணிக்குள் உள்ளே திரும்பிவிடும் தூரத்தில்தான் விண்நடை வீரர்கள் வேலை செய்வது வழக்கம். இங்கே திரும்பிவர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். தெரிந்தே போனார். அவரைச் சுமந்து சென்ற கனடார்ம்2ஐ 2001இல் நிலையத்தில் பொருத்திய விண்நடை வீரர்கள் இருவர். ஒருவர் கனடாவின் கிறிஸ் ஹேட்ஃபீல்ட், மற்றவர் இதே பாரசின்ஸ்கி. தன் கையால் மூட்டு மூட்டாக விரித்து, மின்கம்பி இணைத்து உயிர்கொடுத்த இயந்திரம் ஆறரை ஆண்டு கழித்துத் தன்னை ஏந்திக்கொண்டு போகிறது. இந்த ஒரு தகவலுக்காகவே அந்தப் பயணத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

கையை இயக்கியவர்கள் ஸ்டெஃபனி வில்சனும் டான் டானியும். நிலையத்தின் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தார்கள். எதிரே திரைகள், கைக்கு இரண்டு பிடிகள். இடதுகைப் பிடி முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு நகர்வுக்கு. வலதுகைப் பிடி திருப்பத்துக்கு. கேமராக்கள் காட்டுவதுதான் அவர்களுக்குக் கண். கேமராவுக்கு எட்டாததை வெளியே இருப்பவர்களின் வாய்மொழிதான் சொல்ல வேண்டும். சிறகின் அடிவாரத்தில் டக் வீலாக் நின்று, பாரசின்ஸ்கிக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொன்னார். இத்தாலியின் பாவ்லோ நெஸ்போலி உள்ளிருந்து வரிசை தவறாமல் அடுத்தடுத்த படிகளை நடத்திக் கொடுத்தார்.

கை நுனியில் நிற்பவர் பேசும் பேச்சு மிகச் சிக்கனமானது. திசை, தூரம், நில். அவ்வளவுதான். தூரம் குறையக் குறைய எண்ணும் குறைந்துகொண்டே வரும். சொல்லும் எண்ணுக்கு ஏற்ப உள்ளே பிடியின் அழுத்தம் தளரும். இதில் கடினமான பகுதி நிறுத்தம்தான். 90 அடி நீளமுள்ள கோலமைப்பைச் சட்டென்று நிறுத்தினால் நுனி ஊசலாடும். நுனியில் இருப்பவரோ மின்சாரம் ஓடும் தகட்டுக்கு எதிரே நிற்கிறார். நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆனாலும் தேரை மூலை திருப்பி நிலைக்குக் கொண்டு வருவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கைப்பக்குவம். வில்சனும் டானியும் அன்று செய்தது அந்த முட்டுக்கட்டை வேலை. நகர்த்தியதைவிட நிறுத்தியதில்தான் அவர்கள் திறமை முழுதும் வெளிப்பட்டது. படங்களில் அவர்கள் முகம் வருவதில்லை. படத்தில் பாரசின்ஸ்கி அசையாமல் நிற்கிறாரே, அந்த அசையாமைதான் அவர்கள் கையெழுத்து.

இனி மனிதக் கை. சூரியத் தகட்டில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை மின்சாரம் உண்டு. அணைத்துவைக்கப் பொத்தான் கிடையாது. 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பரப்பின் முன் உலோகப் பாகங்கள் கொண்ட உடுப்போடு ஒருவர் நிற்கிறார். உடுப்பின் உலோகப் பகுதிகளையும் கருவிகளையும் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பால் சுற்றினார்கள். ஹாக்கி மட்டை வடிவில் வளைந்த ஒரு கோலையும் அதே டேப்பால் மூடிக் கொடுத்தார்கள். தகடு தன்பக்கம் மிதந்து வந்தால் அதைத் தள்ளி நிறுத்துவதற்கு. அடிக்காமல், குத்தாமல், விலகியிரு என்று சொல்லும் அளவுக்கு மட்டும் தொடுகிற கோல். நீண்ட கோலின் நுனியில் நிற்பவர் ஓங்கித் தள்ளினால் அவரும் பின்னால் போவார், அவரைத் தாங்கும் 90 அடியும் ஆடும். ஆகவே தோள் வலிமைக்கு அங்கே வேலையில்லை. மணிக்கட்டும் விரலும் மட்டும். விரல்களோ காற்றழுத்தம் ஏறிய கையுறைக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை மடக்கும்போதும் உறை எதிர்த்து நிற்கும். அந்தக் கையால் துளை தேடி மெல்லிய பட்டையை நுழைத்துத் திருப்ப வேண்டும். அதை ஐந்து முறை செய்தார்.

சிக்கிப் பிசிறிய வழிக்கம்பியை வெட்டிய நேரம், அன்றைய வேலையிலேயே மனத்தை அதிகம் படபடக்க வைப்பது. அந்தக் கம்பி இழுவிசையில் இருந்தது. வெட்டியதும் சுருண்டு பின்வாங்கும். பாரசின்ஸ்கி மேலே வெட்டினார். அடிவாரத்தில் வீலாக் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, துள்ளாமல் சுருளுக்குள் போகவிட்டார். வெட்டு ஒருவருடையது, அதன் விளைவை ஏந்தியது இன்னொருவர். இருவருக்கும் இடையே நீண்டு கிடந்தது சிறகு. ஒருவர் வெட்ட மற்றவர் ஏந்துவார் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்தக் கத்தரி மூடியிருக்காது.

வேலை முடிந்ததும் கை அவரைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தியது. நகர்த்தி அங்கேயே நிறுத்தியது. உள்ளிருந்து சிறகை விரிக்கத் தொடங்கினார்கள், ஒரேயடியாக இல்லாமல் அரைப் படி அரைப் படியாக. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாரசின்ஸ்கி இணைப்பிகளைப் பார்த்து, தாங்குகின்றன என்று சொல்வார். அதன்பின் அடுத்த படி. நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அந்த 7 மணி 19 நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்து பகலும் ஐந்து இரவும் அவர்கள் மேல் கடந்துபோயின. அந்த வேகத்துக்கும் இந்தப் பொறுமைக்கும் இடையே இருக்கும் முரண் எனக்கு என்றும் இனிப்பது. மணிக்கு 28,000 கிலோமீட்டர் பறந்துகொண்டே, அங்குலம் அங்குலமாக ஒரு சிறகை விரித்தார்கள். சிறகு முழுதாக நீண்டு இறுகி நின்றது.

2021 ஜூனில் அதே 4பி சிறகின் முன்புறத்தில், சுருளாகப் போய் விரியும் புதுவகைச் சூரியத் தகடு பொருத்தப்பட்டது. பழைய சிறகைக் கழற்றவில்லை. அவசரத்துக்குக் கையால் செய்த ஐந்து இணைப்பிகள் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் அந்தச் சிறகைக் காத்து நின்றிருக்கின்றன.

பிறகு வந்த கூட்டுப்பணிகளையும் இதே கண்ணோடு ரசிக்கலாம். 2012இல் ரோபோநாட் 2 என்ற மனித வடிவ இயந்திரம் நிலையத்தின் தலைவர் டான் பர்பேங்கோடு கைகுலுக்கியது. அளவான அழுத்தத்தில் பற்றி விட்டது. அதே ஆண்டு டெக்ஸ்டர் என்ற இரட்டைக் கை ரோபோ, தரையிலிருந்து வந்த கட்டளைகளின்படி, செயற்கைக்கோள் மூடிகளை இறுக்கிக் கட்டும் மெல்லிய காப்புக் கம்பிகளை வெட்டிக் காட்டியது. கருவி நுழைய இருந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. அங்கே மனிதர் அருகில் இல்லை, கீழே பூமியில் இருந்தார். நுட்பம் சிறிதும் குறையவில்லை. ஆனாலும் 2007இன் அந்த நாளை நான் மேலே வைக்கிறேன். வழக்கமான வேலை அன்று ஒன்றுகூட இல்லை. பார்க்கச் செய்த கோல் ஆளைச் சுமந்தது. அலுமினியப் பட்டையும் கம்பியும் சிறகைத் தாங்கின. முன்னறியாத அந்த வேலையில் கை தன் எட்டுதலைக் கொடுத்தது, மனிதர் தன் தொடுதலைக் கொடுத்தார். ஒன்றுக்கு மற்றது குறுக்கே வரவில்லை.

இனி நிலவை நோக்கியும் அதற்கு அப்பாலும் போகும் பயணங்களில் ரோபோக்கள் பெருகும். அவற்றைப் பற்றிப் படிக்கும்போது எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்குகள்தான் முதலில் வரும். அவை வேண்டியவையே. நாம் இன்னொன்றையும் கேட்டுப் பழக வேண்டும்: பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கும்போது அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு பதமாக நிற்கத் தெரியும், அதை இயக்குபவருக்கு எங்கே நிறுத்தத் தெரியும்? கனடார்ம்2க்கும் அதை இயக்கிய இருவருக்கும் அது தெரிந்திருந்தது. அந்தச் சிறகு பிழைத்தது அதனால்தான்.